பனிக்கு நடுவே வெந்நீர்

கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ உறவினர் இருக்கும் வீடுகளுக்கு ஜனவரி மாதத்தில் ஒரு படம் வந்து சேரும். வீட்டின் பின்புறம் முழங்கால் உயரத்துக்குப் பனி. நடுவில் ஒரு சதுரத் தொட்டி. அதிலிருந்து குபுகுபுவென்று ஆவி எழுகிறது. கழுத்தளவு வெந்நீரில் நாலைந்து பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அந்த ஊர்களில் இதற்கு ஹாட் டப் என்று பெயர். நாம் வெந்நீர்த் தொட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

படத்தைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். மார்கழிக் காலையில் குளியலறையில் எடுத்துவைத்த ஒரு வாளி வெந்நீர், நாம் எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் ஆறிப்போகிறது. உறைபனியில், திறந்த வெளியில் கிடக்கும் இந்தத் தொட்டி மட்டும் எப்படி மாதக்கணக்கில் சூடாகவே இருக்கிறது? அடுத்த நொடியே இரண்டாவது கேள்வியும் வரும்: இதற்குக் கரண்ட் பில் எவ்வளவு ஆகும்?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கடையில் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும் எளிது. விற்பனைக்கூடத்தில் முதலில் காட்டப்படுபவை தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டுகளின் எண்ணிக்கை, நிறம் மாறும் விளக்குகள், பாட்டுக் கேட்கும் வசதி. தண்ணீர் சூடாக இருப்பதற்கும் மாதச் செலவுக்கும் இவற்றோடு பெரிய தொடர்பில்லை. எதற்குத் தொடர்பு உண்டு என்பதை ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சூடேற்ற எவ்வளவு மின்சாரம்?

நம் தொட்டி ஐந்து பேர் உட்காரக்கூடியது. நீளமும் அகலமும் இரண்டு மீட்டர். கொள்ளளவு 1200 லிட்டர். குழாயில் வரும் தண்ணீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ். அதை 39 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மின்வாரியம் நமக்கு விற்கும் ஒரு யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறினால் 860 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தும். இந்த ஒரு எண் போதும். 1200 லிட்டரை 29 டிகிரி உயர்த்த சுமார் 40 யூனிட் தேவைப்படும்.

அந்த 40 யூனிட்டைத் தண்ணீருக்குள் எவ்வளவு வேகமாகச் செலுத்த முடியும் என்பது ஹீட்டரைப் பொறுத்தது. வட அமெரிக்காவில் 240 வோல்ட் இணைப்பில் இயங்கும் தொட்டிகளில் பெரும்பாலும் 5.5 கிலோவாட் ஹீட்டர் இருக்கும். அது ஏழரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகும் தொட்டிகளில் இருப்பது ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாட். அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். வழியில் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

நாற்பது யூனிட் என்றதும் மலைக்க வேண்டாம். இந்தச் செலவு தண்ணீரைப் புதிதாக நிரப்பும்போது மட்டும்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தொட்டி இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டினால் போதும். அந்த இழப்பு எவ்வளவு என்பதில்தான் ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

பெரிதாக இருப்பதுதான் காரணமா?

"அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, அதனால்தான் ஆறுவதில்லை" என்பது நியாயமான ஊகம். அதைச் சோதித்துப் பார்ப்போம். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. சேமித்து வைத்திருப்பதோ கொள்ளளவு முழுவதிலும். ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதினைந்து லிட்டர் வாளியில் அடி, பக்கம், வாய் எல்லாம் சேர்த்து சுமார் மூன்றில் ஒரு பங்கு சதுர மீட்டர். அதை லிட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துத் தொட்டியோடு ஒப்பிட்டால், வாளியின் பங்கு இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும். அதாவது பெரிதாக இருப்பதால் தொட்டிக்குக் கிடைக்கும் சலுகை ஏறக்குறைய இரண்டு மடங்குதான். வாளி ஒரு மணி நேரத்தில் ஆறினால், வேறு பாதுகாப்பு இல்லாத தொட்டி இரண்டு மணி நேரத்தில் அதே அளவு ஆறும். பனிக்காலத்தில் அதைவிடவும் வேகமாக ஆறும். அளவு ஒரு காரணம்தான், முழு விளக்கம் அன்று.

வெப்பம் எந்த வழியாக ஓடுகிறது?

மூடியைத் திறந்து வைத்த நம் தொட்டி, வெளியே பூஜ்யம் டிகிரி, மெல்லிய காற்று. இப்போது வெப்பம் நான்கு வழிகளில் தப்பிக்கிறது. தொட்டியின் சுவர் வழியாகக் கடந்து வெளியேறுகிறது. தண்ணீரைத் தொடும் குளிர்காற்று சூடாகி மேலே போகிறது. தண்ணீரின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி வெப்பத்தை வீசுகிறது. நான்காவது வழி ஆவியாதல். நால்வரில் பெரிய கொள்ளைக்காரன் இதுதான்.

திரவம் ஆவியாக மாற வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை விட வேண்டும். அந்தப் பிடியை விடுவிக்கத் தேவைப்படும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பார்கள். வெளியேறும் ஆவி இந்த வெப்பத்தை மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. 39 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் போவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட். நம் தொட்டியின் 1199 லிட்டரும் அந்த ஒரு லிட்டருக்காக அரை டிகிரி சூட்டைக் கொடுக்கிறது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ஆவியாகும்? நீச்சல்குளங்களுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கை நம் தொட்டிக்குப் பொருத்தினால், மெல்லிய காற்றில் மூன்றரை லிட்டர் அளவுக்கு வருகிறது. காற்று சற்று வலுத்தால் அது இரட்டிப்பாகும். படத்தில் அழகாக எழும் அந்தப் புகைமூட்டம், மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் காற்றில் கரைந்துபோவதன் அடையாளம். மற்ற வழிகளையும் சேர்த்தால் திறந்த தொட்டி மணிக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் வெப்பத்தை இழக்கிறது.

இந்த நான்கு என்ற எண்ணை ஹீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5.5 கிலோவாட் ஹீட்டர் மூடி திறந்திருக்கும்போதும் சமாளித்துவிடும். ஒன்றரை கிலோவாட் ஹீட்டரால் முடியாது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மணிக்கு இரண்டு டிகிரி அளவுக்குக் குளிரும். சாதாரண பிளக்கில் செருகும் தொட்டி மலிவு, மின்பணியாளர் தேவையில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் கடுங்குளிர் ஊரில் நீண்ட நேரம் உட்கார நினைப்பவர்களுக்கு அது ஏற்றதன்று.

தெர்மாகோல் மூடியின் வேலை

ஆவியாதலை நிறுத்த ஆவி வெளியேறும் வழியை அடைத்தால் போதும். மூடி அதைத்தான் செய்கிறது. தொட்டியின் மூடிக்குள் இருப்பது நமக்குப் பழக்கமான தெர்மாகோல். அடர்த்தியாக வார்த்து, நீராவி புகாத பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதற்கு மேல் வினைல் தோல் போர்த்தியிருப்பார்கள். பத்து சென்டிமீட்டர் தடிமனான நல்ல மூடி, பூஜ்யம் டிகிரிக் குளிரில் தன் உடல் வழியாகக் கடத்தும் வெப்பம் சுமார் 60 வாட் மட்டுமே. ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. திறந்திருந்தபோது 4000 வாட் போய்க்கொண்டிருந்தது.

சுவர்களுக்கும் அடிப்பகுதிக்கும் உள்ளே பாலியூரித்தேன் நுரை அடைத்திருப்பார்கள். நுரைக்குள் சிறைப்பட்டு நிற்கும் வாயுதான் உண்மையில் வெப்பத்தைத் தடுக்கிறது. அசையாத வாயுவைப் போல வெப்பத்தைக் கடத்தத் தயங்கும் பொருள் அரிது. காற்றூதி நிற்கவைக்கும் மலிவுத் தொட்டிகளின் பக்கச் சுவரிலும் காற்று உண்டு. ஆனால் அந்தப் பெரிய அறைகளில் அது தாராளமாகச் சுழன்று, வெப்பத்தை உட்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குச் சுமந்து செல்கிறது. இத்தகைய தொட்டிகளைக் குளிர் 4 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

மூடிக்கு ஒரே ஒரு பகை உண்டு. ஈரம். உள்ளுறை கிழிந்தால் அடியிலிருந்து எழும் ஆவி தெர்மாகோலின் மணிகளுக்கு இடையே புகுந்து தண்ணீராகத் தங்கிவிடும். தண்ணீர் தெர்மாகோலைவிட 15 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஊறிய மூடி பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், காப்பு மட்டும் போயிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. ஒரு கையால் தூக்க முடிந்த பக்கம் இரு கையாலும் எழவில்லை என்றால் மூடி தண்ணீர் குடித்துவிட்டது. பழைய தொட்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது.

பனி பெய்யும் ஊர்களில் இன்னொரு சோதனையை இயற்கையே செய்து காட்டும். மூடியின் மேல் விழுந்த பனி உருகாமல் கிடந்தால், உள்ளிருக்கும் வெப்பம் மேலே வரவில்லை என்று பொருள். நடுமடிப்பை ஒட்டி மட்டும் ஒரு கோடாக உருகியிருந்தால் ஆவி அந்த மடிப்பு வழியாகக் கசிகிறது. அந்த இடத்தில் முழு நீளத்துக்கும் நுரைப்பட்டை வைத்துத் தைத்த மூடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒட்டுச்சீட்டில் உள்ள ஒரு எண்

நுரையின் தடிமனைக் கடையில் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லா விற்பனையாளரும் தம் தொட்டிதான் சிறந்த காப்புடையது என்பார்கள். இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது கலிபோர்னியா மாநில எரிசக்தி ஆணையம். தண்ணீரை 102 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 39 டிகிரி செல்சியஸில் வைத்து, மூடியைப் போட்டு, 60 டிகிரி ஃபாரன்ஹீட் அறையில், அதாவது 15.6 டிகிரி செல்சியஸில் சோதிக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாமல் சும்மா சூடாக வைத்திருக்க எத்தனை வாட் ஆகிறது என்று அளக்க வேண்டும். இதைக் காத்திருப்பு மின்திறன் என்று சொல்லலாம். அந்த மாநிலத்தில் விற்கும் தொட்டியில் இந்த எண்ணை ஒட்டியிருக்க வேண்டும். கொள்ளளவுக்கு ஏற்ப ஒரு உச்சவரம்பும் உண்டு. நம் 1200 லிட்டர் தொட்டிக்கு அந்த வரம்பு சுமார் 214 வாட்.

வட அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பலர் கலிபோர்னியாவிலும் விற்பதால், வேறு ஊரில் வாங்குகிறவர்களும் இந்த எண்ணைக் கேட்கலாம். கேட்டு வாங்கிய எண்ணை நம் ஊர்க் குளிருக்கு மாற்றிக்கொள்வதும் எளிது. வெப்ப இழப்பு உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சோதனையில் வேறுபாடு 23 டிகிரி. வெளியே பூஜ்யம் என்றால் வேறுபாடு 39 டிகிரி. ஆகவே 214 வாட் ஏறக்குறைய 358 வாட் ஆகும். ஒரு நாளுக்கு 8.6 யூனிட்.

இதனோடு தினமும் அரை மணி நேரம் மூடியைத் திறந்து குளிப்பதற்கான இரண்டு யூனிட்டைச் சேர்த்தால் நாளுக்குப் பதினொரு யூனிட், மாதத்துக்கு 330 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால் குளிர்மாதச் செலவு 50 டாலர். இதே அளவுள்ள இன்னொரு தொட்டியின் எண் 400 வாட் என்றிருந்தால், காத்திருப்புக்கு மட்டுமே நாளுக்கு 16 யூனிட் போகும். விலையில் சில நூறு டாலர் குறைவாக வாங்கிய தொட்டி, சில குளிர்காலங்களிலேயே அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும்.

வாளிப் புதிருக்கும் இங்கே விடை கிடைக்கிறது. நாளுக்கு 8.6 யூனிட் இழக்கும் தொட்டியின் ஹீட்டரை நிறுத்திவிட்டால், உறைபனியில் ஒரு முழு நாள் கழித்தும் தண்ணீர் ஆறு டிகிரிதான் குறைந்திருக்கும். திறந்த தொட்டி இரண்டு மணி நேரத்தில் இழப்பதை மூடிய தொட்டி ஒரு நாளில் இழக்கிறது.

அணைத்து வைப்பதா, ஓடவிடுவதா?

தொட்டி வைத்திருப்பவர்களிடையே ஓயாத விவாதம் இது. "அணைத்துவிட்டு மறுபடி சூடேற்றினால் அதிகம் செலவாகும்" என்று ஒரு தரப்பு உறுதியாக நம்புகிறது. இயற்பியல் இதற்கு எதிராக நிற்கிறது. ஆறிய தொட்டியில் வெப்பநிலை வேறுபாடு குறைவு, ஆகவே இழப்பும் குறைவு. மறுபடி சூடேற்றும்போது கொடுப்பது, ஆறும்போது இழந்ததை மட்டும்தான். குளிர விட்டால் எப்போதும் கொஞ்சமாவது மிச்சம்தான்.

எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி. இரவு எட்டு மணி நேரம் அணைத்தால் நம் தொட்டி இரண்டு டிகிரி ஆறும். மிச்சமாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக விழித்திருக்க வேண்டாம். ஒரு வாரம் வெளியூர் போகும்போது 25 டிகிரிக்கு இறக்கி வைத்தால் 17 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். அது செய்யத் தகுந்தது.

உறைபனிக் காலத்தில் முழுவதுமாக அணைப்பது வேறு விஷயம். தொட்டித் தண்ணீர் பல நாள் தாங்கும். பம்புக்குப் போகும் குழாய்களில் இருப்பது சில லிட்டர்தான். ஓட்டம் நின்றால் அவை முதலில் உறையும். உறையும் தண்ணீர் விரிந்து குழாயை வெடிக்க வைக்கும். குளிர்காலத்தில் தொட்டியைப் பயன்படுத்தப்போவதில்லை என்றால் தண்ணீரை வடித்து, குழாய்களில் தங்கியதையும் ஊதி வெளியேற்றிவிட வேண்டும்.

ஜெட்டும் குதிரைத்திறனும்

தொட்டிக்குள் பீறிடும் ஜெட்டுகளின் கதை ஒரு தந்தையின் கவலையில் தொடங்கியது. ஜக்கூசி சகோதரர்கள் இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறி, 1915இல் விமானங்களுக்கு உந்துவிசிறி செய்யும் நிறுவனம் தொடங்கினார்கள். பிறகு கிணற்றுப் பம்புகளுக்கு மாறினார்கள். சகோதரர்களில் ஒருவரான கேண்டிடோவின் மகன் கென்னத் சிறு வயதிலேயே மூட்டுவாதத்தால் முடங்கினான். மருத்துவமனையில் கிடைத்த நீர்ச்சிகிச்சை வீட்டிலும் கிடைக்க வேண்டும் என்று, 1940களின் இறுதியில் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் ஒரு சிறிய பம்பைத் தந்தை உருவாக்கினார். அதே குடும்பத்தின் பின்வந்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூசி 1968இல் ஜெட்டுகளைத் தொட்டியின் சுவரிலேயே பதித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

ஜெட்டின் உள்ளே நடப்பது, 1797இல் இத்தாலிய அறிஞர் வெந்தூரி விளக்கிய விளைவு. குறுகிய வழியில் தண்ணீர் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் ஒரு காற்றுக்குழாயைத் திறந்து வைத்தால் காற்று தானாக உறிஞ்சப்பட்டு நீரோடு கலக்கிறது. உடலில் மோதும் அந்தக் கலவைதான் தசைகளுக்கு இதம். உறிஞ்சப்படுவது பூஜ்யம் டிகிரிக் காற்று என்பதையும் மறக்கக் கூடாது. கடுங்குளிரில் காற்றுவால்வை மூடி வைத்தால் தண்ணீர் மெதுவாக ஆறும்.

அறுபது ஜெட் கொண்ட தொட்டி முப்பது ஜெட் தொட்டியைவிட இருமடங்கு நல்லதாகிவிடாது. பம்பு தள்ளும் தண்ணீர் அதேதான், அறுபதாகப் பங்கு போடப்படுகிறது. பம்பின் பலத்தையும் விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறனை வைத்து எடைபோட வேண்டாம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஐந்து குதிரைத்திறன் என்றால் இழப்பே இல்லாவிட்டாலும் 3730 வாட் தேவை. 240 வோல்ட் இணைப்பில் அது பதினைந்து ஆம்பியருக்கு மேல். மோட்டாரின் தகட்டில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது மூன்றேகால் குதிரைத்திறனைத் தாண்டவே முடியாது. விளம்பர எண், மோட்டார் சில நொடி மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்கிறது. தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

ஐந்து லட்சம் லிட்டர் கொள்ளும் நீச்சல்குளத்தில் 1600 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் அதில் நீங்கள் கால் வைப்பீர்களா? 1200 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குக் கிடைக்கும் தண்ணீர் அதே 300 லிட்டர்தான். வியர்வை, எண்ணெய், தோல்துகள் எல்லாம் அதற்குள் சேர்கின்றன. வெப்பமும் நுண்ணுயிர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா செழித்து வளர்வது 25 முதல் 45 டிகிரி வரை. ஜெட் அதை நுண்துளிகளாக்கிக் காற்றில் தூவுகிறது.

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை ஓடவிட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதிலிருந்து பரவிய லெஜியோனெல்லாவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், பலர் உயிரிழந்தார்கள். பார்வையாளர்கள் தொட்டியில் இறங்கவே இல்லை. பக்கத்தில் நடந்து போனதே போதுமானதாக இருந்தது.

இந்தத் துயரம் நடந்திருக்க வேண்டியதில்லை. கிருமிநாசினி இருக்கும் நீரில் லெஜியோனெல்லா பெருகாது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தொட்டிக்குப் பரிந்துரைப்பது லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின், அல்லது 4 மில்லிகிராம் புரோமின். நம் தொட்டி முழுவதற்கும் வெறும் 3.6 கிராம் குளோரின். சிக்கல் அளவில் இல்லை, தொடர்ந்து அந்த அளவைக் காப்பதில் இருக்கிறது. சூடான, கலங்கும் நீரில் குளோரின் விரைவாகத் தீர்ந்துபோகும். ஆட்கள் இறங்கினால் இன்னும் விரைவாகத் தீரும். அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் காரம் ஏறினால், இருக்கும் குளோரினும் சரியாக வேலை செய்யாது. ஓசோன், புற ஊதா விளக்கு ஆகியவை துணைக்கு நல்லவை. அவை இருப்பதால் குளோரின் வேண்டாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

எவ்வளவு சுத்திகரித்தாலும் கரைந்த கழிவு சேர்ந்துகொண்டே போகும். தினமும் இருவர் இறங்கும் 1200 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 50 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றுவது நடைமுறையில் உள்ள வழக்கம். ஆக, தொட்டி வாங்குவது வாரத்தில் சில முறை சோதனைத்தாளை நனைத்துப் பார்க்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்குவதுதான். அதற்கு நேரம் இல்லாதவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது. கடையில் தண்ணீர் நிரம்பிய மாதிரியில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னால், இறங்கும் முன் சோதனைத்தாளை நனைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது?

1200 லிட்டர் தண்ணீரின் எடை 1200 கிலோ. காலித் தொட்டி 350 கிலோ. ஐந்து பேர் 375 கிலோ. மொத்தம் இரண்டு டன்னுக்குச் சற்றே குறைவு. நான்கு சதுர மீட்டரில் பரவினாலும் சதுர மீட்டருக்கு 480 கிலோ. வட அமெரிக்க வீடுகளின் மரத்தளம் பொதுவாகத் தாங்கும்படி அமைக்கப்படுவது சதுர மீட்டருக்கு 195 கிலோ. ஆகவே பழைய மரத்தளத்தின் மேல் தொட்டியை இறக்கிவிட்டு நம்பிக்கையோடு உட்காரக் கூடாது. நன்றாக இறுக்கிய தரையில் பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டு அதன் மேல் வைப்பதே பாதுகாப்பு. மரத்தளம்தான் வேண்டுமென்றால் கட்டுமானப் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

மின்இணைப்பிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. தண்ணீரில் நனைந்த உடல் மின்சாரத்துக்கு எளிய வழி. நம் வீடுகளில் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் கசிவுத் துண்டிப்பானின் நுட்பமான வடிவம் வட அமெரிக்காவில் கட்டாயம். 5 மில்லிஆம்பியர் அளவில் மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். தொட்டியின் விலையில் இந்தச் செலவு சேர்ந்திருக்காது. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது டிகிரி எல்லை

தொட்டியின் வெப்பநிலைப் பொத்தான் 40 டிகிரிக்கு மேல் ஏறாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த எல்லை அது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் 100 வாட் அளவு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக அது தோல் வழியாக வெளியேறும். தண்ணீர் உடலைவிடச் சூடாக இருக்கும்போது அதற்கு வழியில்லை. நீருக்குள் வியர்வையும் ஆவியாகாது. வெளியேறாத 100 வாட் மட்டுமே 70 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பத்தை ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரி உயர்த்தப் போதுமானது. தண்ணீரிடமிருந்து வாங்குவது இன்னும் கூடுதல்.

ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதனால்தான் சட்டென்று எழுந்தால் தலைசுற்றுகிறது. மது அருந்தியவர்களுக்கு இந்த எச்சரிக்கையே தெரியாமல் போகலாம், தூக்கத்தில் மூழ்கிவிடும் ஆபத்து உண்டு. பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவது நல்ல பழக்கம். கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடிக்குப் பூட்டு அவசியம்.

கடையில் கேட்க வேண்டியவை

இத்தனை கணக்கும் ஐந்து கேள்விகளில் அடங்கிவிடும். காத்திருப்பு மின்திறன் எத்தனை வாட்? மூடி எத்தனை சென்டிமீட்டர் தடிமன், நடுமடிப்பு முழு நீளத்துக்கும் அடைபட்டிருக்கிறதா? ஹீட்டர் எத்தனை கிலோவாட்? நிரம்பிய தொட்டியின் எடை என்ன? பம்பு மோட்டாரின் தகட்டில் எத்தனை ஆம்பியர்? இவற்றுக்குப் பிறகு ஜெட்டும் விளக்கும் உங்கள் விருப்பம்.

ஐந்துக்கும் எண்ணாகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். முதல் கேள்விக்கே எண் சொல்லாமல் "நல்ல காப்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அடுத்த கடைக்குப் போங்கள்.